ஒரே நஞ்சு, இரண்டு கணக்குகள்: வியட்நாம் மண்ணில் ஏஜென்ட் ஆரஞ்சு

நியூயார்க் நகரின் புரூக்ளின் கூட்டாட்சி நீதிமன்றத்தில், ஜாக் வைன்ஸ்டைன் என்ற ஒரே நீதிபதியின் முன்னால், இருபது ஆண்டு இடைவெளியில், வியட்நாம் போரில் அமெரிக்கா விமானங்களிலிருந்து தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு என்ற ஒரே இலையுதிர்ப்பு மருந்தைப் பற்றிய இரண்டு வழக்குகள் வந்தன. முதல் வழக்கைத் தொடுத்தவர்கள் வியட்நாமில் போரிட்டுத் திரும்பிய அமெரிக்க வீரர்கள். 1984 மே மாதம், விசாரணை தொடங்கச் சில மணி நேரமே இருந்தபோது, ஏழு வேதிப்பொருள் நிறுவனங்கள் 18 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டன. இரண்டாவது வழக்கை ஏஜென்ட் ஆரஞ்சால் பாதிக்கப்பட்ட வியட்நாமியரின் சங்கம் 2004இல் தொடுத்தது. 2005 மார்ச்சில் அது தள்ளுபடியானது, 2008இல் மேல்முறையீடும் தோற்றது, 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுத்துக்கொள்ளவே மறுத்துவிட்டது. தெளிக்கப்பட்ட மருந்து ஒன்றுதான். அதைத் தயாரித்து விற்ற நிறுவனங்களும் பெரும்பாலும் அவையேதான். ஒரு தரப்புக்குப் போதாதென்றாலும் ஏதோ கிடைத்ததற்கும், மறுதரப்புக்கு ஒரு காசுகூடக் கிடைக்காமல் போனதற்கும் காரணம் அந்த மருந்தின் தன்மையில் இல்லை. பாதிப்பை நிரூபிக்க வேண்டிய சுமை யார் தலையில் வைக்கப்பட்டது என்பதில் இருக்கிறது. அந்தச் சுமை பிற்காலத்தில் நீதிமன்றத்தில் ஏற்றப்பட்டதென்று எண்ணுவது சரியல்ல; முதல் விமானம் புறப்படுவதற்கு முன்பே, 1961இல், அதற்கான சொற்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டன.

அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க் அதிபர் கென்னடிக்கு எழுதிய குறிப்பில், இலையுதிர்க்கும் மருந்துகளைப் பயன்படுத்துவது வேதிப்போர் குறித்த எந்தச் சர்வதேச விதியையும் மீறுவதாகாது என்றும், மலாயாவில் ஆங்கிலேயர் ஏற்கெனவே அதற்கு முன்னுதாரணம் ஏற்படுத்தியிருக்கிறார்கள் என்றும் சொன்னார். அது உண்மைதான். 1950களின் தொடக்கத்தில், மலாயாவின் அவசரநிலைக் காலத்தில், கம்யூனிஸ்ட் கொரில்லாக்களின் உணவுத் தோட்டங்களையும் சாலையோரப் புதர்களையும் அழிக்க ஆங்கிலேய நிர்வாகம் களைக்கொல்லிகளைத் தெளித்தது. கொரில்லாக்களுக்கு அரிசி போய்ச் சேராமல் தடுப்பதற்காகச் சீனக் குடியேறிகளைப் புதிய கிராமங்களுக்குள்ளும், தமிழர்கள் உள்ளிட்ட தோட்டத் தொழிலாளர்களை வேலியிட்ட குடியிருப்புகளுக்குள்ளும் திரட்டி அடைத்த அதே உத்தியின் ஒரு பகுதி அது. மலாயாவில் சிறிய அளவில் செய்யப்பட்டது வியட்நாமில் ஒரு தொழிற்சாலையின் ஒழுங்கோடும் அளவோடும் செய்யப்பட்டது. தென் வியட்நாம் அதிபர் நோ தின் ஜியெம் இதை விரும்பினார். குறிப்பாகப் பயிரழிப்பை வற்புறுத்தினார். ஆகவே, உள்நாட்டு அரசு கேட்டுக்கொண்டதற்கிணங்க, அமெரிக்க விவசாயிகளும் தங்கள் வயல்களில் பயன்படுத்தும் களைக்கொல்லி தெளிக்கப்படுகிறது என்ற வாதம் தயாராகிவிட்டது. களைக்கொல்லி என்று ஏற்றுக்கொண்டுவிட்டால் அது ஆயுதமாகாது. ஆயுதமாகாத ஒன்றை எந்த உடன்படிக்கையும் தடுக்காது. நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு வைன்ஸ்டைன் எழுதிய தீர்ப்பின் முதுகெலும்பும் இதுவே.

'ராஞ்ச் ஹேண்ட்' என்று பெயரிடப்பட்ட அந்த நடவடிக்கை 1962 ஜனவரியில் தொடங்கி 1971 ஜனவரி வரை நடந்தது. சி-123 ரகச் சரக்கு விமானங்கள் மர உச்சியிலிருந்து ஏறத்தாழ 150 அடி உயரத்தில் பறந்தபடி, 3,800 லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டியை நான்கே நிமிடங்களில் காலிசெய்யும். மருந்து வந்த பீப்பாய்களின் இடுப்பில் தீட்டப்பட்ட வண்ணப் பட்டையே ஒவ்வொரு கலவைக்கும் பெயராயிற்று: ஊதா, இளஞ்சிவப்பு, பச்சை, வெள்ளை, நீலம், ஆரஞ்சு. பத்தாண்டுகளில் தெளிக்கப்பட்ட மொத்த அளவு 7 கோடி லிட்டருக்கும் அதிகம். அதில் பாதிக்கு மேல் ஆரஞ்சு. தென் வியட்நாமின் நிலப்பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கின்மீது இவை விழுந்தன, பல இடங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை. லாவோசின் மீதும் தெளித்தார்கள், ஆனால் அதை ஒப்புக்கொள்ள 1980கள் வரை ஆயிற்று. காட்டுத்தீயைத் தடுக்கச் சொல்லும் ஒரு பிரபல அமெரிக்க விளம்பர வாசகத்தைத் திரித்து, 'காடுகளைத் தடுக்க நம்மால் மட்டுமே முடியும்' என்று அந்த விமானிகள் தங்களுக்கு முழக்கம் அமைத்துக்கொண்டார்கள் என்பது அந்தக் காலத்தின் மனநிலையை எந்த ஆவணத்தையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது.

ஏஜென்ட் ஆரஞ்சு என்பது 2,4-டி, 2,4,5-டி என்ற இரண்டு களைக்கொல்லிகளைச் சரிபாதியாகக் கலந்த எண்ணெய்ப் பதமுள்ள திரவம். இரண்டும் செடிகளின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ஆக்சின் என்ற இயற்கைச் சுரப்பைப் போலி செய்பவை. மருந்து பட்ட செடி கட்டுக்கடங்காமல் வளர முயன்று, அந்த முயற்சியிலேயே இலைகளை உதிர்த்துச் சாகிறது. இந்த வேலைக்கு டையாக்சின் எதுவும் தேவையில்லை. 2,4,5-டியைத் தயாரிக்கும்போது வெப்பநிலை கூடிப்போனால் வேண்டாத துணைப்பொருளாக உருவாவதே டிசிடிடி என்ற டையாக்சின். மனிதன் அறிந்த மிகக் கொடிய செயற்கை நஞ்சுகளில் அதுவும் ஒன்று. போர்க்காலத் தேவைக்காக உற்பத்தியை விரைவுபடுத்தியபோது இந்த அசுத்தத்தின் அளவு கூடியது. நிறுவனங்களுக்கு இது தெரியாது என்று சொல்ல இடமில்லை. 1949இல் மேற்கு வர்ஜீனியாவின் நைட்ரோ நகரில் இருந்த மான்சாண்டோ ஆலையில் நடந்த விபத்துக்குப் பிறகு தொழிலாளர்களின் தோலில் கடுமையான கொப்புளங்கள் தோன்றின. 1950களின் இறுதிக்குள் அத்தகைய கொப்புளங்களுக்குக் காரணம் டையாக்சினே என்று ஜெர்மனியில் கண்டறியப்பட்டது. 1965 மார்ச்சில் டவ் நிறுவனம் சக தயாரிப்பாளர்களை அழைத்து இந்த அசுத்தத்தின் ஆபத்தைப் பற்றிப் பேசியது. அதற்குப் பிறகுதான் தெளிப்பு உச்சத்தைத் தொட்டது.

காட்டுக்கு நேர்ந்ததை முதலில் பார்க்கலாம், ஏனென்றால் அங்கே மட்டுமே விளைவு உடனடியாகவும் மறுக்க முடியாதபடியும் கண்ணுக்குத் தெரிந்தது. உள்நாட்டு மலைக்காடுகள் ஒருமுறை தெளித்தால் பெரும்பாலும் இலையுதிர்த்துவிட்டு மீண்டன. திரும்பத் திரும்பத் தெளித்த இடங்களில்தான் மேல்மட்ட மரங்கள் செத்தன. கடலோர அலையாத்திக் காடுகளுக்கு ஒரே தெளிப்பு போதுமானதாக இருந்தது. தென் வியட்நாமின் அலையாத்திக் காடுகளில் ஏறத்தாழ 36 விழுக்காடு அழிந்தது என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் 1974இல் மதிப்பிட்டது. தென் வியட்நாமின் தலைநகரான சைகோனுக்குச் செல்லும் கப்பல் வழி ருங் சாட் என்ற அலையாத்திக் காட்டின் ஊடாகச் சென்றதாலும், அங்கே மறைந்திருந்தவர்கள் கப்பல்களைத் தாக்கியதாலும், அந்தக் காடு ஏறக்குறைய முழுவதுமாக மொட்டையடிக்கப்பட்டது. மரங்கள் போனதும் மீனும் இறாலும் நண்டும் குஞ்சு பொரிக்கும் வேர்க்கூடுகளும் போயின. விறகும் மீனும் நம்பி வாழ்ந்த கழிமுக மக்களுக்குப் பிழைப்பும் போயிற்று.

மலைப்பகுதியில் சேதம் வேறுவிதமாக நிலைத்தது. லாவோஸ் எல்லையை ஒட்டிய ஆ லுவோய் பள்ளத்தாக்கில், மரங்கள் இறந்து வெயில் தரையைத் தொட்டதும், தர்ப்பை இனத்தைச் சேர்ந்த முரட்டுப் புல் மலைச்சரிவுகளைப் பிடித்துக்கொண்டது. கோடையில் எளிதில் தீப்பற்றும் அந்தப் புல், தீயில் மேற்பகுதி கருகினாலும் மண்ணுக்கடியிலுள்ள தண்டிலிருந்து மீண்டும் முளைக்கும். அதே தீயில் மரக்கன்றுகள் அழிந்துவிடும். ஆகவே மருந்தின் வீரியம் மண்ணில் தீர்ந்த பிறகும், காடு தானாகத் திரும்பிவர வழியில்லாமல் போனது. அங்குள்ள மக்கள் அதை 'அமெரிக்கப் புல்' என்று அழைத்தார்கள்.

ருங் சாட் மட்டும் ஓரளவு நல்ல செய்தி. 1978 முதல், போருக்குப் பிறகு ஹோ சி மின் நகரம் என்று பெயர் மாறிய சைகோனின் நிர்வாகம், தெற்குக் கோடியிலுள்ள கா மாவிலிருந்து சுரபுன்னை விதைமுளைகளைப் படகுகளில் கொண்டுவந்து, சேற்றில் இறங்கிக் கையால் நடவைத்தது. கான் ஜியோ என்று இப்போது அழைக்கப்படும் அந்தக் காட்டை யுனெஸ்கோ 2000ஆம் ஆண்டில் வியட்நாமின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. ஒரே வகை மரத்தை வரிசையாக நட்டு வளர்த்த காடு பழைய பலவகைக் காட்டுக்கு ஈடாகாது என்று சூழலியலாளர்கள் சொல்வது சரியே. ஆனாலும் அந்தப் பணியை ஏழைநாடு ஒன்று, பொருளாதாரத் தடைக்கு நடுவில், யாருடைய இழப்பீடும் இல்லாமல் செய்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

காட்டைவிடக் குறைவாகப் பேசப்படுவது பயிரழிப்பு. ஆர்சனிக் கலந்த நீலக் கலவை நெல்வயல்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. எதிரிக்கு உணவு கிடைக்காமல் செய்வது நோக்கம் என்றார்கள். ஆனால் ஒரு வயலின் நெல்லில் எந்தப் படி கொரில்லாவின் வாய்க்குப் போகும், எந்தப் படி குழந்தையின் வாய்க்குப் போகும் என்று விமானத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. கையில் துப்பாக்கி வைத்திருப்பவன் தன் பங்கை எப்படியும் எடுத்துக்கொள்வான் என்பதால், பற்றாக்குறை முழுவதும் மற்றவர்கள் தட்டிலேயே விழுந்தது. 1967இல் ராண்ட் நிறுவனம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காகச் செய்த ஆய்வுகளே இதைச் சொல்லின: கொரில்லாக்களுக்குப் பெரிய பாதிப்பு இல்லை, குடிமக்கள்தான் இழக்கிறார்கள், அந்தக் கோபம் அமெரிக்காவின்மீதும் சைகோன் அரசின்மீதும் திரும்புகிறது. அதிகம் அடிபட்டவர்கள் மத்திய மேட்டுநிலப் பழங்குடியினர். பயிரை இழந்தவர்கள் ஊரைவிட்டு வெளியேறி நகரங்களின் விளிம்புக் குடிசைகளில் சேர்ந்தார்கள். இராணுவக் கண்ணோட்டத்திலேயே பயனற்றது என்று சொன்ன ஆய்வுகளுக்குப் பிறகும் பயிரழிப்பு மேலும் மூன்றாண்டுகள் தொடர்ந்தது.

ஆரஞ்சு தெளிப்பை நிறுத்தியது போர்க்களத்தின் கணக்கல்ல, ஆய்வகத்தின் கணக்கு. 2,4,5-டி சோதனை விலங்குகளின் குட்டிகளில் பிறவிக் குறைபாடுகளை உண்டாக்குகிறது என்ற ஆய்வு முடிவு 1969இல் வெளியே தெரியவந்தது. 1970 ஏப்ரலில் அமெரிக்க அரசு உள்நாட்டில் அதன் பல பயன்பாடுகளைத் தடைசெய்தது. அதே நாளில் வியட்நாமில் ஆரஞ்சு தெளிப்பதும் நிறுத்திவைக்கப்பட்டது. அமெரிக்கக் குடும்பங்களின் தோட்டங்களுக்கு ஆகாதது என்று முடிவான பிறகே வியட்நாமியருக்கும் ஆகாதது என்று ஆனது. யேல் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் ஆர்தர் கால்ஸ்டன், ஹார்வர்டின் மேத்யூ மெசல்சன் முதலிய அறிவியலாளர்கள் பல ஆண்டுகளாகக் கொடுத்துவந்த நெருக்குதலும் இதில் பங்கு வகித்தது. 'சூழல்கொலை' என்ற கருத்தை 1970இல் பொதுவெளியில் வைத்தவர் கால்ஸ்டன்தான். இளம் வயதில் அவர் செய்த தாவர வளர்ச்சி ஆய்வு பிற்காலத்தில் இலையுதிர்ப்பு மருந்துகளுக்கு வழிவிட்டதே அவரை அந்தப் போராட்டத்துக்குள் இழுத்தது.

டையாக்சினின் கதை இங்கேதான் உண்மையில் தொடங்குகிறது. இலைமேல் விழுந்த டையாக்சினை வெயில் விரைவில் சிதைத்துவிடும். மண்ணுக்குள்ளும் குளத்துச் சேற்றுக்குள்ளும் புகுந்தது பல பத்தாண்டுகள் இருக்கும். நீரில் கரையாமல் கொழுப்பில் சேர்வதால், சேற்றிலிருந்து மீனுக்கும் வாத்துக்கும், அவற்றிலிருந்து மனிதருக்கும், தாய்ப்பாலின் வழியே குழந்தைக்கும் போகும். மனித உடலில் அதன் அளவு பாதியாகக் குறையவே 7 முதல் 11 ஆண்டுகள் ஆகின்றன. இதனால் இன்று ஆபத்தான இடங்கள், தெளிக்கப்பட்ட பரந்த காடுகளைவிட, பீப்பாய்களை அடுக்கிவைத்து விமானங்களில் ஏற்றிய பழைய படைத்தளங்களே: பியன் ஹோவா, டா நாங், ஃபூ காட். பியன் ஹோவா தளத்தில் 1969 இறுதிக்கும் 1970 தொடக்கத்துக்கும் இடையில் பலமுறை பெரும் கசிவுகள் ஏற்பட்டன. தளத்தின் குளங்களில் பிடித்த மீனைப் போருக்குப் பிறகும் பல்லாண்டுகள் மக்கள் சாப்பிட்டார்கள். போர் முடிந்த பிறகு பிறந்தவர்களின் இரத்தத்திலும் டையாக்சின் ஏறிய வழி இது.

மனித உடல்களுக்கு நேர்ந்ததைக் கணக்கிடுவதில்தான் அறிவியலும் அரசியலும் பிரிக்க முடியாதபடி பின்னிக்கிடக்கின்றன. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜீன் ஸ்டெல்மன் குழு, விமானப் பயணப் பதிவேடுகளைக் கிராமங்களின் பட்டியலோடு ஒப்பிட்டு, தெளிப்பு விழுந்த கிராமங்களில் 21 லட்சம் முதல் 48 லட்சம் பேர் வரை வாழ்ந்திருக்கலாம் என்று 2003இல் கணக்கிட்டது. அவர்களில் எத்தனை பேருக்கு எவ்வளவு டையாக்சின் உடலில் சேர்ந்தது என்பதை இனி அளக்கவே முடியாது. ஒவ்வொருவரின் இரத்தத்தையும் சோதிப்பது பெருஞ்செலவு; சோதித்தாலும், ஒரு குறிப்பிட்ட புற்றுநோயோ ஒரு குறிப்பிட்ட குழந்தையின் குறைபாடோ டையாக்சினால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்லும் சோதனை எதுவும் இல்லை. மக்கள்தொகை அளவில் நிகழ்தகவாக மட்டுமே அதைச் சொல்ல முடியும். ஹோ சி மின் நகரின் து யு மருத்துவமனையில் பராமரிக்கப்படும் குழந்தைகளின் படங்கள் உலகத்தின் மனத்தை அசைத்தன. நீதிமன்றத்தில் அவற்றால் எதையும் நிறுவ முடியவில்லை.

அமெரிக்க வீரர்களும் முதலில் இதே சுவரில்தான் மோதினார்கள். 1984 சமரசத்தில் முழுமையாக உடல்நலம் இழந்த ஒருவருக்குக் கிடைத்த அதிகபட்சத் தொகை ஏறத்தாழ 12,000 டாலர். சமரசத்தில் சேராமல் தனியே வழக்காடியவர்களின் மனுக்களை, காரணகாரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று வைன்ஸ்டைனே தள்ளுபடி செய்தார். ஆனால் வீரர்களுக்கு வாக்கு இருந்தது, சங்கங்கள் இருந்தன, நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருந்தார்கள். வியட்நாமில் கடற்படையை நடத்திய அட்மிரல் எல்மோ சும்வால்ட், ஆற்றோரங்களில் மருந்து தெளிக்க ஆணையிட்டவர். அதே ஆறுகளில் படகுத் தலைவனாக இருந்த அவர் மகன் 1988இல் புற்றுநோயால் இறந்தார். அதன் பிறகு அந்தத் தந்தையே வீரர்களுக்காக வாதாடினார். 1991இல் நிறைவேறிய ஏஜென்ட் ஆரஞ்சு சட்டம் நிரூபணச் சுமையைத் தலைகீழாகத் திருப்பியது. குறித்த காலத்தில் வியட்நாம் மண்ணில் பணிபுரிந்த எவரும் மருந்துக்கு ஆட்பட்டவர் என்றே சட்டம் ஊகித்துக்கொள்ளும். பட்டியலில் உள்ள நோய் வந்தால் அது அந்தப் பணியால் வந்ததென்றும் ஊகித்துக்கொள்ளும். பட்டியலில் 2001இல் இரண்டாம் வகை நீரிழிவும், 2022 சட்டத்தின் மூலம் உயர் இரத்த அழுத்தமும் சேர்ந்தன. முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்த வீரர்களின் குழந்தைகளுக்கும் உதவித்தொகை உண்டு. அதற்கு அடிப்படையான சான்று போதாது என்று அறிவியல் கழகத்தின் குழு பிற்காலத்தில் தன் மதிப்பீட்டைத் தளர்த்திக்கொண்ட போதும் அந்த உதவி நிற்கவில்லை. இதில் தவறேதும் இல்லை. அறிவியலால் தனிமனிதர் விஷயத்தில் முடிவு சொல்ல இயலாதபோது, ஐயத்தின் பலனைப் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுப்பதே நியாயமான அரசு செய்யக்கூடியது. அந்தப் பலன் வியட்நாமின் எல்லைக்கு வெளியே நின்றுவிட்டது என்பதே குறை.

வியட்நாம் தரப்புக்கு அரசியல் வழியும் நெடுங்காலம் அடைபட்டிருந்தது. 1973 பாரிஸ் உடன்படிக்கையின் 21ஆம் பிரிவு போர்க் காயங்களை ஆற்ற அமெரிக்கா பங்களிக்கும் என்றது; நிக்சன் தனிக் கடிதத்தில் 325 கோடி டாலர் என்று தொகையும் குறிப்பிட்டார். அந்தப் பணம் வரவில்லை. 1975க்குப் பிறகு வந்தது வர்த்தகத் தடை, அது 1994இல்தான் நீங்கியது. உறவைச் சீராக்கும் பேச்சுகளில், தலைநகர் ஹனோயில் இருந்த வியட்நாம் அரசும் இந்தப் பிரச்சினையை அடக்கியே வாசித்தது. அரிசியும் மீனும் ஏற்றுமதி செய்யத் தொடங்கியிருந்த நாடு, தன் மண்ணில் டையாக்சின் இருக்கிறது என்று உரக்கச் சொல்லத் தயங்கியதைப் புரிந்துகொள்ள முடியும். அதைவிடச் சங்கடமான ஒன்றும் உண்டு: வியட்நாம் அரசு ஏஜென்ட் ஆரஞ்சுக்காகத் தரும் சிறப்பு உதவித்தொகை புரட்சித் தரப்பில் போரிட்டவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் உரியது. அதே காட்டில், அதே தெளிப்பின் கீழ் நின்ற பழைய தென் வியட்நாம் படைவீரர்கள் அதில் சேர்வதில்லை. அவர்களுக்குப் பொதுவான மாற்றுத்திறனாளி உதவி மட்டுமே. பாதிக்கப்பட்டவர்களுக்கு இடையில் கோடு கிழித்ததில் வாஷிங்டன் தனியாக இல்லை.

2006இல் அதிபர் புஷ் ஹனோய் சென்றபோது வெளியான கூட்டறிக்கையில், பழைய டையாக்சின் கிடங்குகளைச் சுத்தம் செய்வது பற்றிய ஒரு வாக்கியம் இடம்பெற்றது. மறு ஆண்டில் செனட்டர் பேட்ரிக் லேகியின் முயற்சியால் முதல் 30 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. டா நாங் விமான நிலையத்தில் 2012இல் தொடங்கிய பணியில், மண்ணைத் தோண்டிப் பிரம்மாண்டமான கான்கிரீட் அடைப்புக்குள் குவித்து, 335 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேற்றி, டையாக்சினைச் சிதைத்தார்கள். 2018இல் முடிவதற்குள் சுமார் 90,000 கன மீட்டர் மண் இப்படிப் பதப்படுத்தப்பட்டது. செலவு சுமார் 11 கோடி டாலர், கிட்டத்தட்ட எல்லாமே அமெரிக்காவுடையது. மண்ணைச் சுத்தம் செய்ய இவ்வளவு எளிதாக இணங்கிய அதே அரசு, மனிதர்களுக்கு உதவும்போது சொற்களை மிகக் கவனமாக அளந்தது. கடுமையாக மருந்து தெளிக்கப்பட்ட மாகாணங்களில் கடுமையான உடல், மூளை வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு, காரணம் எதுவானாலும், மனிதாபிமான உதவி என்பதே அதன் வடிவம். யாரும் எதையும் நிரூபிக்க வேண்டாம் என்பதால் நடைமுறையில் இது பயனுள்ள ஏற்பாடு. அதே வடிவம் பொறுப்பு என்ற பேச்சையும் முழுமையாக வெளியே நிறுத்திவிடுகிறது. மண் வழக்குத் தொடுக்காது, மனிதர்கள் தொடுப்பார்கள்.

பியன் ஹோவா டா நாங்கைவிடப் பல மடங்கு பெரியது. அங்கே பதப்படுத்தவோ பத்திரமாக மூடவோ வேண்டிய மண் சுமார் 5 லட்சம் கன மீட்டர். 2019இல் தொடங்கிய அந்தப் பணி, 2025இன் தொடக்கத்தில் டிரம்ப் அரசு வெளிநாட்டு உதவிகளை ஒட்டுமொத்தமாக முடக்கியபோது, தோண்டிய குழிகள் திறந்தபடியே சில வாரங்கள் நின்றது, மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. பின்னர் பணி மீண்டும் தொடங்கியது. கடமையாக ஒப்புக்கொள்ளாமல் உதவியாகத் தரப்படுவதை ஓர் உத்தரவால் நிறுத்தவும் முடியும் என்பதை ஹனோய் அப்போது நேரில் கண்டது.

சர்வதேசச் சட்டம் இந்தப் போரிலிருந்து சிலவற்றைக் கற்றுக்கொண்டது. 1969இலேயே ஐ.நா. பொதுச்சபை, மனிதர், விலங்கு மட்டுமல்லாமல் தாவரங்களுக்கு நஞ்சாகும் வேதிப்பொருள்களும் 1925 ஜெனீவா நெறிமுறையின் தடைக்குள் வரும் என்று 80 வாக்குகளுக்கு 3 என்ற கணக்கில் தீர்மானித்தது. எதிர்த்தவை அமெரிக்கா, ஆஸ்திரேலியா, போர்ச்சுகல். சைகோன் வீழ்வதற்குச் சில வாரங்கள் முன்பு, 1975 ஏப்ரலில், போரில் களைக்கொல்லிகளை முதலில் பயன்படுத்துவதில்லை என்று அதிபர் ஃபோர்டு ஆணையிட்டார். தளங்களைச் சுற்றியுள்ள புதர்களுக்கு மட்டும் விலக்கு. 1977இன் ஜெனீவா கூடுதல் நெறிமுறை, இயற்கைச் சூழலுக்குப் பரவலான, நீண்டகால, கடுமையான சேதம் விளைவிக்கும் போர்முறைகளைத் தடைசெய்தது. மூன்று தகுதிகளும் ஒருசேர நிறைவேற வேண்டும் என்பதால் அந்தத் தடையின் வாசல் மிக உயரமானது. அமெரிக்கா அந்த நெறிமுறையை ஏற்கவும் இல்லை. 2024 செப்டம்பரில் வனுவாட்டு, ஃபிஜி, சமோவா ஆகிய தீவு நாடுகள் சூழல்கொலையைச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் குற்றப் பட்டியலில் சேர்க்க முறைப்படி முன்மொழிந்தன. அது நிறைவேறினாலும் நடந்து முடிந்ததற்குப் பின்னோக்கிப் பொருந்தாது. அந்த நீதிமன்றத்தால் நிறுவனங்களை விசாரிக்கவும் முடியாது.

வியட்நாமில் பிறந்து பிரான்சில் வாழும் முன்னாள் பத்திரிகையாளர் திரான் தோ ங்கா, இளம் வயதில் அந்தத் தெளிப்புக்கு ஆட்பட்டவர். இரசாயன நிறுவனங்கள்மீது பிரெஞ்சு நீதிமன்றத்தில் வழக்காடினார். 2021இல் எவ்ரி நீதிமன்றமும், 2024 ஆகஸ்டில் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்கவில்லை. நிறுவனங்கள் ஓர் இறையாண்மையுள்ள அரசின் சார்பில், அதன் ஆணைப்படி செயல்பட்டவை என்பதால் அவற்றையும் வேற்று நாட்டு நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்பது அந்த நீதிமன்றங்கள் சொன்ன காரணம்.